கம்பளி ஆட்டுக்குக் கிடா தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டின் உரோம விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இழையின் தடிமன். 30 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய இழைகள் கூடினால் துணி உடம்பில் குத்தும். ஒரே மந்தையில் ஆட்டுக்கு ஆடு தெரியும் தடிமன் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிதான் மரபணுவின் வேலை. மீதி தீவனம், வயது, வளர்ந்த சூழல். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

வறட்சியில் அரை வயிற்றுக்கு மேய்ந்த கிடாவுக்கும் உரோமம் மெல்லியதாகவே வளரும். அளந்து பார்த்து, உயர்ந்த ரகம் என்று வாங்கி வந்து பச்சைப் புல்லில் விட்டால், அடுத்த கத்தரிப்பில் சாயம் வெளுத்துவிடும். பட்டினியில் வளர்ந்த இழை இழுத்தால் அறுந்தும் போகும். அதனால், ஒரே வயதில் ஒரே மேய்ச்சலில் வளர்ந்த கிடாக்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

எடையை மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. அதிக உரோமம் தரும் மரபு, பொதுவாகத் தடித்த இழையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ஆஸ்திரேலியர்கள் 1880களில் எடை ஆசையிலேயே தோல் மடிப்புகள் நிறைந்த அமெரிக்காவின் வெர்மான்ட் மெரினோ கிடாக்களை இறக்கினார்கள். தோல் மடிந்தால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் உரோமம் கூடும் என்பது அன்றைய கணக்கு. கத்தரித்தபோது எடை கூடியது உண்மைதான். ஆனால் அதில் நிறையப் பிசுக்கு. அப்புறம் அந்த மடிப்புகளில் ஈ மொய்த்துப் புழு வைத்தது. வால்பக்கத் தோலை அறுத்தெடுக்கும் கொடிய வழக்கம் பின்னாளில் வந்ததும் இந்த மடிப்புகளால்தான்.

வெள்ளை ஆடுகளுக்குக் கறுப்புக் குட்டி பிறந்தால் பழி தாயின் மேல் விழும். கறுப்பு ஒடுங்கு பண்பு; தாய், தந்தை இரண்டிலும் அந்த மரபணு இருந்தால்தான் வெளியே தெரியும். குட்டியை விற்றுவிட்டுத் தந்தைக் கிடாவை வைத்துக்கொண்டால், அதன் குட்டிகளில் சராசரியாகப் பாதி அந்த மரபணுவைச் சுமக்கும், பார்வைக்கு வெள்ளையாக இருந்தபடியே.

இரட்டையாகப் பிறந்த கிடாவை உரோமம் குறைவு என்று தள்ளுவதும் உண்டு. மெல்லிய இழை தரும் மயிர்க்கால்களில் பெரும்பகுதி கருவிலேயே உருவாகிறது. தாயின் ஊட்டத்தை இரண்டு குட்டிகள் பங்கிட்டால் அவை குறையும். அது மரபுக் குறையல்ல. இந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் தரம் பிரித்தால், இரட்டை ஈனும் குணத்தையும் சேர்த்தே மந்தையிலிருந்து கழித்துவிடுகிறோம்.