சில்வர்ஃபேஸ் பாஸ்மேன் ஹெட்டை 5எஃப்6-ஏ பாணி ஆம்பாக மாற்றுவது எப்படி

ஃபெண்டர் 1950-களின் கடைசியில் தயாரித்த 5எஃப்6-ஏ பாஸ்மேன்தான் இன்றைய பூட்டிக் ஆம்புகள் பலவற்றுக்கும் மூலம். மார்ஷலின் ஜேடிஎம்45-ம் இதே சர்க்யூட்டிலிருந்து வந்ததுதான். 1960-களின் இறுதியிலும் 70-களிலும் வந்த 50 வாட் சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முகப்புள்ள) பாஸ்மேன் ஹெட்டுக்குள் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) இந்தச் சர்க்யூட்டைக் கொண்டுவரலாம். சேஸிஸில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை. பழைய பேனலில் ஆறு குமிழ்கள் இருக்கின்றன, 5எஃப்6-ஏ-வுக்கும் ஆறுதான் தேவை: இரண்டு வால்யூம், ட்ரெபிள், பாஸ், மிடில், ப்ரெசென்ஸ். சிறிய ட்யூப் சாக்கெட் நான்கில் மூன்றுக்குத்தான் வேலை இருக்கும். பவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு 6எல்6ஜிசி பவர் ட்யூப் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

யாரும் கைவைக்காத, கருப்பு முகப்புள்ள 1964–67 மாடல் கிடைத்தால் இதைச் செய்யாதீர்கள். அதை அப்படியே பழுதுபார்த்து வைத்துக்கொள்வதுதான் நியாயம். ஏற்கெனவே பலர் நோண்டிய சில்வர்ஃபேஸ்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

உயிர் முதலில்

உள்ளே 450 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10கே (10,000 ஓம்), 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட்டட் கிளிப்புகளோடு ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே சில நொடிகள் பிடியுங்கள். பிறகு மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். கிரவுண்ட் ஸ்விட்ச்சிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கெபாசிட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராகக் கிட்டார் கம்பிக்கு வரும். மூன்று பின் கேபிளின் எர்த், டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் அல்லாமல் தனி போல்ட்டில் உட்கார வேண்டும்.

பவர் சப்ளை, பயாஸ்

பழைய எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைக்கூட விட்டுவைக்க வேண்டாம். முதல் கட்டத்துக்கு 100 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடரில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220கே, 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் சமமாகப் பிரியாது, ஒன்று சீக்கிரம் போய்விடும். அடுத்து சோக் (இரும்புக் கரு உள்ள காயில்), 22 மைக்ரோஃபாரட் (ஸ்க்ரீன்), 4.7கே, 22 மைக்ரோஃபாரட் (ஃபேஸ் இன்வெர்ட்டர்), 10கே, 10 மைக்ரோஃபாரட் (ப்ரீஆம்ப்). இந்த மூன்று கெபாசிட்டரும் 500 வோல்ட்.

மூலச் சர்க்யூட்டில் ரெக்டிஃபையர் ட்யூப் உண்டு, இங்கே டயோடு. அந்த ட்யூப் தரும் மெல்லிய அமுக்கம் (ஓங்கி வாசிக்கும்போது வோல்டேஜ் சற்றுத் தொய்வது) வேண்டுமென்றால் டயோடுக்கும் முதல் கெபாசிட்டருக்கும் இடையே 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போதும்.

பயாஸ் (பவர் ட்யூபின் கிரிட்டுக்குத் தரும் நெகட்டிவ் வோல்டேஜ்) கெபாசிட்டரை 100 மைக்ரோஃபாரட், 100 வோல்ட்டாக மாற்றுங்கள். இது நெகட்டிவ் சப்ளை, அதனால் பாசிட்டிவ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். இங்கே தலைகீழாகப் போடுகிறவர்கள் அதிகம். பல சில்வர்ஃபேஸ்களில் இருப்பது இரண்டு ட்யூபையும் சமப்படுத்தும் பாலன்ஸ் கன்ட்ரோல்தான், அளவை மாற்ற முடியாது. அதை லெவல் கன்ட்ரோலாக மாற்றி வயர் செய்யுங்கள். வைப்பர் (பாட்டின் நடுக்கால்) தொடர்பு அறுந்தால் பயாஸ் இன்னும் நெகட்டிவ் பக்கம் போகும்படி இருக்கட்டும். பவர் ட்யூப் கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் சிறு கெபாசிட்டர்கள், பிளேட்டிலிருந்து பின்னோக்கி வரும் 220கே ரெசிஸ்டர்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கேத்தோடிலும் (பின் 8) 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் போடுங்கள். அதில் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்ப்.

போர்டு

பழைய கருப்பு ஃபைபர் போர்டை மீண்டும் பயன்படுத்தலாமா என்று தெரிய, பவர் வந்தபின் மீட்டரின் ஒரு முனையைக் கிரவுண்டில் வைத்து, மறுமுனையால் போர்டின் வெற்றிடத்தைத் தொடுங்கள். எந்த இணைப்பும் இல்லாத இடத்தில் சில வோல்ட் காட்டினால் போர்டு ஈரம் குடித்துக் கசிகிறது. அதில் எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் கரகரப்பு போகாது. புதிய டரட் போர்டு (உலோக முளைகளில் பாகங்களைச் சாலிடர் செய்யும் பலகை) செய்வதே மேல். பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்தால் பின்னாளில் திரும்பப் பொருத்தவும் முடியும்.

ப்ரீஆம்ப்

இடது ஓரத்து ஜாக் இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள், சேனலுக்கு ஒன்று. ஜாக்கில் 1 மெக், கிரிட் பின்னிலேயே 33கே. நடுவில் உள்ள ஜாக்குகளிலிருந்து நீண்ட வயர் இழுத்தால் ஹம்தான் மிஞ்சும்.

முதல் 12ஏஎக்ஸ்7 (இரண்டு பாதிகள் உள்ள சிறிய ட்யூப்): பிளேட்டுக்கு 100கே, இரண்டு கேத்தோடுக்கும் பொதுவாக 820 ஓம், 250 மைக்ரோஃபாரட். கிட்டாருக்கு இதில் அடிச்சத்தம் கொஞ்சம் தளர்வாக இருக்கும். கேத்தோடுகளைப் பிரித்து, பிரைட் சேனலுக்கு மார்ஷல் பிற்பாடு செய்ததுபோல 2.7கே, 0.68 மைக்ரோஃபாரட் போடுவது என் தேர்வு. நார்மல் பக்கம் 820 ஓமோடு இருக்கட்டும். இரு பக்கமும் 0.022 மைக்ரோஃபாரட் வழியாக 1 மெக் வால்யூம், அங்கிருந்து 270கே வழியாக அடுத்த ட்யூப். பிரைட் வால்யூமின் மேல் காலுக்கும் வைப்பருக்கும் நடுவே 100 பிக்கோஃபாரட். பழைய பிரைட் ஸ்விட்ச்சுக்கு இதுவே வேலை.

இரண்டாவது 12ஏஎக்ஸ்7-ல் முதல் பாதிக்கு 100கே பிளேட், 820 ஓம் கேத்தோடு (பைபாஸ் கிடையாது). அந்தப் பிளேட் நேராக அடுத்த பாதியின் கிரிட்டுக்குப் போகும். அது கேத்தோடு ஃபாலோவர் (சிக்னலைக் கேத்தோடிலிருந்து எடுக்கும் கட்டம்), கேத்தோடில் 100கே. அங்கே 170 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஹீட்டர்–கேத்தோடு எல்லையான 200 வோல்ட்டுக்கு அது மிக அருகில், எனவே எல்லா ட்யூபும் அந்த இடத்தில் நிலைக்காது. சில மாதத்தில் கரகரப்பு வந்தால் முதலில் இந்த ட்யூபை மாற்றிப் பாருங்கள்.

டோன் ஸ்டாக் (ட்ரெபிள், பாஸ், மிடில் கட்டுப்பாடுகள்): 56கே ஸ்லோப் ரெசிஸ்டர், 250 பிக்கோஃபாரட், 0.022 மைக்ரோஃபாரட் இரண்டு; ட்ரெபிள் 250கே, பாஸ் 1 மெக், மிடில் 25கே. வால்யூம் இரண்டும் ட்ரெபிளும் பழையதே போதும்.

ஃபேஸ் இன்வெர்ட்டரும் ஃபீட்பேக்கும்

ஃபேஸ் இன்வெர்ட்டர் சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரித்து இரு பவர் ட்யூப்களுக்கும் தருகிறது; ஃபீட்பேக் அவுட்புட்டில் ஒரு பகுதியை இதற்கே திருப்பி அனுப்புகிறது. ஆம்பின் குணம் இங்கேதான் தீர்மானமாகிறது. விலை உயர்ந்த கெபாசிட்டருக்குச் செலவழிப்பதைவிட இங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் பலன் அதிகம்.

பழைய 12ஏடி7-ஐ எடுத்து 12ஏஎக்ஸ்7 போடுங்கள். சிக்னல் வரும் பக்கம் பிளேட்டுக்கு 82கே, மறுபக்கம் 100கே. பொதுக் கேத்தோடில் 470 ஓம், அதன் கீழே 10கே, கிரிட்டுகளுக்கு 1 மெக். பவர் ட்யூபுக்குப் போகும் கெபாசிட்டர் மூலத்தில் 0.1 மைக்ரோஃபாரட். நிறைய டிரைவ் வைத்து வாசிப்பவர்கள் 0.022 போட்டால் சத்தம் இறுகும்.

10கே-வின் அடியில் 4.7கே நிலையான ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. ப்ரெசென்ஸுக்கு அதே புள்ளியிலிருந்து 0.1 கெபாசிட்டர், அதன் பிறகு 25கே பாட், பிறகு கிரவுண்டு. மூலத்தில் 5கே பாட்டே இந்த வழியில் இருப்பதால் டிசி ஏறிக் குமிழ் கரகரக்கும், இப்படிப் போட்டால் அது இராது.

ஃபீட்பேக் ரெசிஸ்டரை வரைபடத்தில் உள்ளபடி 27கே என்று போடுகிறார்கள், அது இங்கே பொருந்தாது. 5எஃப்6-ஏ அதை 2 ஓம் அவுட்புட்டிலிருந்து எடுக்கிறது, ஜேடிஎம்45 16 ஓமிலிருந்து. உங்கள் பாஸ்மேனில் இருப்பது 4 ஓம். அதே வாட்டுக்கு 4 ஓமில் வரும் வோல்டேஜ் 2 ஓமில் வருவதைவிடச் சுமார் 1.4 மடங்கு, 16 ஓமில் வருவதில் பாதி. கணக்குப் பார்த்தால் ஃபெண்டர் அளவுக்கு ஏறக்குறைய 39கே, மார்ஷல் அளவுக்கு 11கே. 39கே-வை நிரந்தரமாகப் போட்டு, பயனில்லாமல் இருக்கும் டீப் ஸ்விட்ச் வழியாக 15கே ஒன்றை அதற்கு இணையாகச் சேருங்கள். மூடினால் 10.8கே. திறந்தால் முரட்டுத்தனமும் நடு அலைவரிசையும் தூக்கும், மூடினால் இறுக்கமாக, தெளிவாக ஒலிக்கும்.

முதல் பவர்

தொடரில் 60 வாட் குண்டு பல்பு இணைத்து, ட்யூப் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்க வேண்டும். விடாமல் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். பவர் ட்யூப் சாக்கெட்டின் பின் 5-ல் சுமார் மைனஸ் 50 வோல்ட் வந்த பிறகே ட்யூப்களைச் செருகுங்கள். ஸ்பீக்கரோ 4 ஓம் லோடோ இல்லாமல் ஆன் செய்யக்கூடாது.

பல்பை நீக்கியபின் பார்க்க வேண்டியவை: முதல் ட்யூப் பிளேட்டுகளில் ஏறத்தாழ 150–220 வோல்ட், கேத்தோடு ஃபாலோவரில் கிரிட்டும் கேத்தோடும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ், இன்வெர்ட்டர் கேத்தோடில் 25–40. 6எல்6ஜிசி-யின் எல்லை 30 வாட், அதில் 70 சதவீதம் 21 வாட். பிளேட்டில் 440 வோல்ட் இருந்தால் 48 மில்லிஆம்ப்தான் உச்சம். 38–42-ல் நிறுத்தினால் ட்யூபும் நாள்பட உழைக்கும்.

ஆன் செய்தவுடன் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம், ஃபீட்பேக் தலைகீழாக இருக்கிறது. ஆஃப் செய்து, டிஸ்சார்ஜ் செய்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நீல, பழுப்பு வயர்களை இடம் மாற்றுங்கள். வால்யூமை ஏற்றும்போது மட்டும் கீச்சென்று கத்தினால் காரணம் வேறு: முதல் ட்யூப் கிரிட் வயர், பவர் ட்யூப் பிளேட் வயருக்கு அருகில் போகிறது. மரக்குச்சியால் வயரை நகர்த்திப் பார்த்தால் இடம் தெரியும். வால்யூமைத் தொடாமலே ஹம் இருந்தால், ப்ரீஆம்ப் ஃபில்டர் கெபாசிட்டரின் கிரவுண்டைப் பவர் பக்கத்திலிருந்து பிரித்து, இன்புட் ஜாக் அருகே கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் சூடான பிறகு பயாஸை மறுபடி அளந்துவிட்டு மூடியைப் போடலாம்.