காசிமேட்டு மீனும் இரட்டை அம்புக்குறியும்: விசித்திரச் செய்தியைச் சோதிக்கும் முறை

ஒரு மே மாதக் காலையில், காசிமேட்டு விசைப்படகு ஒன்றின் வலையில் மனித முகம் கொண்ட மீன் சிக்கியதாகக் கூறும் படம் ஒன்று, தண்டையார்பேட்டையில் வாழும் எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் பெரியப்பா. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கால் கிலோ நெத்திலிகூட வாங்காத மனிதர் அவர். ஆனால் கைப்பேசிக்குள் வந்து விழும் எதற்கும் அவரிடம் செவுள் சோதனை கிடையாது. அந்தச் சோதனையைக் கைப்பேசியிலும் எப்படிச் செய்வது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

செய்தி விசித்திரமாக இருக்கிறது என்பதற்காகவே அதைப் பொய் என்று ஒதுக்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். வடசென்னையில் வாழ்பவர்களுக்கு இது எளிதாகவே விளங்கும். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தருகே வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டுப் போனது; அதன் பெயர் இன்றும் நம் தெருக்களில் கெட்டிக்காரர்களுக்குப் பட்டமாக வழங்குகிறது. 1942இல், ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தில், நகரின் மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். இவற்றில் எதையும் நள்ளிரவில், ஆறு ஆச்சரியக்குறிகளோடு, யாரேனும் முன்னனுப்பியிருந்தால் (ஃபார்வர்டு செய்திருந்தால்) நாம் சிரித்திருப்போம்.

மாறாக, நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தியில் விசித்திரம் எதுவுமில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் பணிவோடு வந்து நிற்கும் முழுப் பொய் அது. 2016 நவம்பரில் வெளியான இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்றார்கள். 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, அந்தச் சிப்புகளை வைத்து அவை எந்தெந்தப் பீரோக்களில் கிடக்கின்றன என்று கண்டுபிடித்திருக்கலாமே என யாரும் கேட்கவில்லை. விசித்திரமானது பொய்யாகவும், இனிப்பானது மெய்யாகவும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. படிக்கும்போது மார்பு நிமிர்ந்தாலோ அடிவயிறு கலங்கினாலோ, அந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும்.

இனி மீனுக்கு வருவோம். படத்தின் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அனுப்பியவர் எதையும் நேரில் பார்க்கவில்லை என்பதை வாட்ஸ்அப்பே மரியாதையாகச் சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட செய்தியை, 2020 ஏப்ரல் முதல், ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே முன்னனுப்ப முடியும். இந்தக் கட்டுப்பாடு எப்படித் தொடங்கியது என்பதை நாம் மறக்கலாகாது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டதாகப் பரவிய வதந்தியை நம்பி, நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த முதிய பெண்மணி ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டார். நாடெங்கும் அந்த வதந்தியோடு சுற்றிய காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

அடுத்து, சொல்லப்படும் காலமும் படத்தில் இருக்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு இணையம்கூடத் தேவையில்லை, ஊரறிவு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். மே மாதத்தில் விசைப்படகின் வலையில் சிக்கிய மீன் என்றால், மனித முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அந்த வலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். படத்தில் படகு தெரிந்தால் அதன் பதிவு எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் படகில் நாட்டின் குறியை அடுத்து டிஎன் என்றும், கேரளத்துப் படகில் கேஎல் என்றும் எழுதியிருக்கும். சாலைக் காட்சியென்றால் வண்டிகளின் எண் பலகை, கடைப் பலகையின் எழுத்து, பேருந்தின் நிறம் ஆகியவற்றைக் கவனிக்கலாம். சம்பவம் தண்டையார்பேட்டையில் நடந்தது என்பார்கள். தெருவில் நிற்கும் வண்டிகளில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டு எண்ணோடு இருக்காது. பெரியப்பாவின் படத்தில் படகில்லை. தரையில் கிடந்த ஐஸ் பெட்டியின் மேல் இருந்த எழுத்துகள் மட்டும் தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை.

அதற்குப் பிறகே இணையத்தின் உதவியை நாட வேண்டும். படத்தைக் கூகுள் லென்ஸில் இட்டால் அதே படம் வேறெங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். டின்ஐ என்ற தளத்தில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தவும் வழியுண்டு. காணொளியாக இருந்தால், முகமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, திரையைப் படமெடுத்து, அதைத் தேடுங்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகள் பெரும்பாலும் மெய்யான சண்டைக் காட்சிகளே. ஆனால் அவை வேறு இடத்தில், வேறு ஆட்களுக்குள், வேறு காரணத்துக்காக நடந்தவை. காட்சி பொய்யா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் மேல் ஒட்டிய வாசகம் பொய்யா என்றும் கேட்க வேண்டும். தொலைக்காட்சிச் சின்னத்தோடு வரும் நியூஸ் கார்டு என்றால், அந்தத் தொலைக்காட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அதே நாளில் அது இருக்கிறதா என்று பார்ப்பதே போதும்.

“எனக்குக் கருத்துரிமை இல்லையா?” என்று இந்த இடத்தில் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. புண்படுத்தும், எரிச்சலூட்டும் என்பன போன்ற தெளிவற்ற சொற்களைக் கொண்டு ஒருவரை மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்ப வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்துச் செய்தது. செத்துப்போன அந்தப் பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் அதற்குப் பிறகும் வழக்குப் பதிந்துவந்தன என்பது தனி வேடிக்கை. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முத்திரை குத்த வழிசெய்த விதியையும் 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆகவே அரசின் மறுப்பையும் ஒரு சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்; இறுதித் தீர்ப்பாக அன்று. ஆனால் ஒரு பதிவை முன்னனுப்புவது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று, பாரிமுனையில் இருக்கும் நம் உயர் நீதிமன்றமே 2018இல் கூறியிருக்கிறது. அச்சத்தையோ பகையையோ மூட்டும் வதந்தியைப் பரப்பினால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவு பாயலாம். மெய்யென்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு பகிர்ந்தவருக்கு அதிலேயே விலக்கும் உண்டு. நான் சொன்ன சோதனைகளைச் செய்து வைத்திருப்பது அந்தக் காரணத்தைக் காட்டவும் உதவும். மனித முக மீனுக்காக எவரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பொய் என்று உறுதியான பின், குழுவில் அத்தனை பேர் முன்னால் பெரியவரைத் திருத்தாதீர்கள். முதலில் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். திருத்தத்தை அவரே குழுவில் எழுதட்டும். அனுப்பியதை அழிப்பதால் மட்டும் பயனில்லை. இரண்டரை நாட்களுக்குள் எல்லோருக்குமாக அழிக்க வழி இருந்தாலும், அதற்குள் அத்தை அதைத் திருவொற்றியூருக்கும் சித்தி வியாசர்பாடிக்கும் அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிரதிகள் அழியா. ஆகவே அதே குழுவில், அதே படத்துக்கு மறுமொழியாக, இது எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்பதை இரண்டு வரியில் எழுதி, அந்த வரிகளையும் முன்னனுப்பச் சொல்ல வேண்டும்.

நானும் அன்று மாலையே பெரியப்பாவை அழைத்து, தடைக்காலத்தையும் ஐஸ் பெட்டியின் எழுத்துகளையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மீனு பொய்யாவே இருக்கட்டும்டா, பாக்க சோக்கா கீதா இல்லியா?” என்றார்.