பதிப்பு எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த ^ குறி

உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கு எந்தெந்த பேக்கேஜ்கள் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள்) வேண்டும் என்று என்பிஎம் கருவிக்குச் சொல்லும் பேக்கேஜ்.ஜேசன் (package.json) கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். ^1.2.3 என்று இருந்தால், 2.0.0-க்குக் கீழே எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும் சரி என்று அர்த்தம். 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு வந்த ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீமில் பிட்காயின் திருடும் நிரல் இருந்தது. பலருக்கு அது இந்த ^ குறி வழியாகத்தான் உள்ளே வந்தது.

நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாகக் குறித்து வைக்கும் லாக் கோப்பை (package-lock.json) கட்டாயம் கிட்டில் (Git, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) சேர்த்துவிடுங்கள். நிரலைத் தானாகத் தொகுத்துத் தயாரிக்கும் பில்டு சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ (npm install) வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ (npm ci) போடுங்கள். லாக்கில் உள்ள பதிப்பை மட்டுமே அது இறக்கும், பேக்கேஜ்.ஜேசனோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், பத்து வரியில் நாமே எழுதிவிடக்கூடிய வேலைக்குப் பேக்கேஜ் தேடவே தேடாதீர்கள். 2016-ல், எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தை நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற குட்டி பேக்கேஜ் நீக்கப்பட்டதும் எத்தனையோ பில்டுகள் உடைந்தன. அது வெறும் 11 வரி.