சோஃபி ஜேர்மேன் எண்களைக் கூட்டி ஒரு தொடர்

கணித மன்றக் கண்காட்சியில் எல்லாரும் முந்திய இரண்டு எண்களையும் கூட்டி அடுத்ததை எழுதும் பிபனாச்சித் தொடரையே வைத்தால் பார்க்கிறவர்களுக்கு அலுத்துப்போகும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியோடு செய்து முடிக்கக்கூடிய வேறொன்று இது.

1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐ விடப் பெரிய எண் முதன்மை எண். ஒரு முதன்மை எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினாலும் முதன்மை எண்ணே வந்தால் அது சோஃபி ஜேர்மேன் எண்; சோஃபி ஜேர்மேன் என்ற கணிதவியலாளரின் பெயர் அது. 11 சேரும், 23 வருகிறது. 7 சேராது, 15 வருகிறது.

முதலில் 2, 3, 5 ஐ எழுதுங்கள். அதற்கு மேல் எல்லாவற்றையும் சோதிப்பது வீண்வேலை. 3ஆல் வகுக்க மீதி 1 வரும் எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் 3இன் மடங்காகிவிடும். 7இல் முடியும் எண் 5இல் முடியும் விடையைத் தரும். ஆகவே 11, 23, 29, பிறகு இவற்றோடு முப்பது முப்பதாகக் கூட்டி வருபவை மட்டுமே மிஞ்சும். 239 வரை 24 எண்கள்.

ஒவ்வொன்றையும், அதன் இரட்டிப்பு கூட்டல் ஒன்றையும் 7, 11, 13, 17, 19ஆல் வகுத்துப் பாருங்கள். மிகப் பெரிய விடை 479. அது 23இன் வர்க்கமான 529க்குள் அடங்குவதால் இவ்வளவும் போதும். 119, 143, 161, 203, 209, 221 ஆறும் முதன்மை எண் மாதிரித் தோன்றினாலும் முதன்மை எண்கள் அல்ல. 59, 71, 101, 149 முதன்மை எண்கள்தான், ஆனால் இரண்டாவது சோதனையில் விழும். 149ஐத்தான் கவனிக்காமல் விடுவார்கள்: 299 = 13 × 23. கடைசியில் 14 எண்கள் நிற்க வேண்டும்.

இனி தொடக்கத்தில் எழுதிய 2, 3, 5 ஐயும் இந்த 14ஐயும் ஏறுவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுங்கள்: 2, 5, 10, 21, 44, 73, 114, 167, 250, 339, 452, 583, 756, 935, 1126, 1359, 1598. எக்செல் என்றால் முந்திய கூட்டுத்தொகையோடு அந்த நிரையின் எண்ணைக் கூட்டும் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் சரி.

கூட்டலைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நாம் கூட்டும் எண்களில் 5இலிருந்து எல்லாமே 6ஆல் வகுக்க மீதி 5 தருபவை. அதனால் இரண்டாம் இடத்திலிருந்து, கூட்டுத்தொகையோடு இட எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 6ஆல் மீதியின்றி வகுபடும். 9ஆம் இடத்தில் 250 + 9 − 1 = 258 = 6 × 43. ஆனால் இது கூட்டல் பிழையைத்தான் பிடிக்கும், அதிலும் 6இன் மடங்கால் பிழைத்திருந்தால் தப்பிவிடும். 59ஐத் தவறிச் சேர்த்தாலோ 83ஐ விட்டாலோ இது சொல்லாது. அதற்கு அந்த 14ஐ எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

நீல் சுலோன் தொடங்கிய இணைய நிறைவெண் தொடர்க் கலைக்களஞ்சியத்தில் தேடுவதானால் ஆறு உறுப்பாவது கொடுங்கள். 2, 5, 10 வரை எல்லா முதன்மை எண்களின் கூட்டுத்தொகையும் இப்படித்தான் போகும், வர்க்கத்தோடு ஒன்று கூட்டிய தொடரும் அப்படியே. நான்காவது உறுப்பு 17 என்று வந்தால் 7ஐச் சேர்த்துவிட்டீர்கள்.