கீரைப் பாத்தியைப் பூனை கிளறாமல் காப்பது எப்படி

காலையில் தண்ணீர் விடப் போனால், முந்தாநாள் விதைத்த சிறுகீரைப் பாத்தியின் நடுவில் ஒரு மண்மேடு, அதைச் சுற்றி வாரி இழுத்த நகக்கோடுகள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கொல்லையில் காய்கறி போடுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. பல வீடுகள் கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால்தான் திறக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பரணில் குட்டி போடுகிற பூனை, ஓட்டின் மேலேயே நடந்து நாலு வீடு தாண்டி வந்துவிடும். மதில் உயரமாகத்தானே இருக்கிறது என்று நம்பிப் பயனில்லை. பூனையைத் தோட்டத்துக்குள்ளேயே விடாமல் தடுப்பது நடக்காத காரியம். அது தேவையும் இல்லை, எலித் தொல்லை குறைவாக இருந்தால் அதில் பூனைக்கும் பங்கு உண்டு. காக்க வேண்டியது பாத்தியை மட்டும்தான்.

பூனை பாத்திக்கு வருவது பெரும்பாலும் மலம் கழிக்க. அது செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தால் தடுக்கும் வழியும் புரிந்துவிடும். முதலில் மண்ணை மோந்து பார்க்கும். முன்னங்காலால் ஒரு தடவை கீறும். மண் பொலபொலவென்று உதிர்ந்தால் இரண்டு மூன்று அங்குலம் பறிக்கும், பிறகு உடம்பைத் திருப்பி உட்காரும். எழுந்ததும் மறுபடி திரும்பி மோந்து, நாலு பக்கத்திலிருந்தும் மண்ணை வாரி மூடும். பயிரை அதிகம் அழிப்பது குழி அல்ல, இந்த மூடுகிற வேலைதான். ஓரடி வட்டத்துக்குள் இருக்கிற முளையெல்லாம் அந்த வாரலில் வேரோடு போய்விடும்.

ஆகப் பூனைக்கு வேண்டியது உலர்ந்த பொல மண்ணும், உடம்பைத் திருப்ப ஓரடி வெறும் இடமும். இரண்டில் ஒன்றை இல்லாமல் செய்தால் வேறு இடம் தேடிப் போகும். நம் பக்கத்துச் செம்மண் கொத்தாமல் கிடந்தால் வெயிலில் கல்லாக இறுகிவிடும். எரு போட்டுக் கொத்திய பாத்திதான் அக்கம்பக்கத்தில் பூனைக்குக் கிடைக்கிற ஒரே மெத்தை. அதில் கீரை விதையை மணலோடு கலந்து தூவி, கையால் தடவிச் சமப்படுத்திவிட்டால் பூனைக்கு அழைப்பு வைத்த மாதிரிதான். தேங்காய் நார்க்கழிவை மேலே பரப்புவது இன்னும் மோசம். காய்ந்த நார்க்கழிவு பூனை பறிப்பதற்கென்றே செய்த பொருள் போல இருக்கும். அதைப் போட்டே ஆக வேண்டும் என்றால் மண்ணோடு கலந்து கொத்திவிடுங்கள், மேலாக விடாதீர்கள்.

விதைத்த அன்றே கம்பி வலை

கீரை, கொத்தமல்லி, நாற்றங்கால் ஆகிய மூன்றுக்கும் கோழி வலையைப் போல நம்பகமான வழி இல்லை. ஓரங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய வலையாக வாங்குங்கள். இரண்டங்குலக் கண் வேண்டாம், பூனையின் பாதம் உள்ளே போகும். 10 அடி நீளம், 3 அடி அகலமுள்ள பாத்திக்கு 4 அடி அகல வலையில் 11 அடி வெட்டினால், நாலு பக்கமும் ஆறு அங்குலம் மடித்துவிட மிஞ்சும். வெட்டிய முனைகளை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீரை பறிக்கும்போது கிழிவது உங்கள் கைதான்.

வலையைப் பிடித்து வைக்க 10-ஆம் நம்பர் வேலிக் கம்பியில் கொக்கி செய்யலாம். 14 அங்குலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் இரண்டங்குலம் விட்டு ‘ப’ போல வளைத்தால் ஆறங்குலக் கால் இரண்டு கிடைக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்று என்று 18 கொக்கி போதும். அதற்குக் கம்பி 21 அடி ஆகும். கட்டுக்கம்பியில் செய்தால் செம்மண்ணில் இறங்காமல் வளைந்துவிடும். முதல் நாள் மாலையே பாத்தி ஓரத்தை நன்றாக நனைத்து வைத்தால் மறுநாள் கொக்கி சிரமமில்லாமல் இறங்கும்.

வலை மண்ணில் படிந்தே கிடக்கட்டும். பலரும் வளையம் நட்டு அதன்மேல் வலையைத் தொட்டில் மாதிரி தொங்கவிடுகிறார்கள். தொய்ந்த வலை பூனைக்குக் கட்டிலாகிவிடும், வெயில் காயப் படுத்த இடத்தில் கீரை நசுங்கும். படிய விரித்த வலையில் நகம் மாட்டுவதால் பறிக்க முடியாது, நடக்கவும் அதற்குப் பிடிக்காது. முளை கண்ணுக்குள் புகுந்து மேலே வரும். சிறுகீரையை வேரோடு பிடுங்கினாலும் ஓரங்குலக் கண் வழியே வந்துவிடும். அரைக்கீரை என்றால் வலைக்கு மேலே அறுத்துக்கொண்டே போகலாம், வலையைத் தொடவே வேண்டாம். நாற்றங்காலில் மட்டும் கத்தரி, மிளகாய் நாற்று இரண்டு மூன்று இலை விட்டதும் வலையை எடுத்துவிடுங்கள். தண்டு பருத்து இலை விரிந்த பிறகு எடுத்தால் பாதி நாற்று வலையோடு வரும்.

கோழி வலைக்குப் பதில் நைலான் வலையை விரிக்க வேண்டாம். பூனைக் குட்டி சிக்கும். சாரைப்பாம்பு நுழைந்து பின்வாங்க முடியாமல் இறுகிச் சாகும்.

செடிக்கு இடைவெளி உள்ள பாத்திகள்

வெண்டை, கத்தரி, கொத்தவரைக்கு வலை சரிப்படாது. ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் அந்த இடைவெளியே பூனைக்கு வேண்டிய ஓரடி வட்டம். செடி கிளைவிட்டு நிலத்தை மூடும்வரை அந்த வட்டத்தை உடைத்து வைக்க வேண்டும். தென்னை ஈர்க்கைக் கட்டாக எடுத்து ஓரடி நீளத்துக்கு நறுக்கி, நாலு விரற்கடை ஆழத்தில், ஐந்தாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்திவிடுங்கள். வரிசையாகக் குத்தினால் வரிசைக்கு நடுவே பூனை நின்றுகொள்ளும், மாற்றி மாற்றிக் குத்துங்கள். நுனி மொட்டையாக இருக்கட்டும். குனிந்து களை எடுக்கிறவர் கண்ணுக்கும் அது நல்லது.

ஈர்க்கு குத்தப் பொறுமை இல்லாதவர்கள் உரிமட்டையைப் பரப்பலாம். கவிழ்த்து வைத்து ஒன்றோடு ஒன்று இடித்தாற்போல் அடுக்கினால் ஈரமும் நிற்கும். சரளைக்கல் போடுவதானால் எலுமிச்சம்பழ அளவுக்குக் குறையாமல் பொறுக்குங்கள். பட்டாணிச் சரளையைப் பூனை சுலபமாகத் தள்ளிவிடும். சீமைக்கருவேல முள் எங்கும் கிடைக்கிறது, ஆனால் அதைப் பாத்திக்குள் போடாதீர்கள். மண்ணில் புதைந்த முள் இரண்டு வருஷம் கழித்தும் காலில் ஏறும், நெற்றோடு வந்த கிளையாக இருந்தால் பாத்தியிலேயே முளைத்தும் வரும். முள் வேலி ஓரத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் விடும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். பூனை அதிகம் நடமாடுவது அந்தி சாய்ந்தும் விடியற்காலையிலும். காலையில் விட்ட தண்ணீர் சித்திரை வெயிலில் மத்தியானமே காய்ந்து, ராத்திரிக்கு மேல்மண் பொலபொலவென்று தயாராக இருக்கும். மாலையில் விட்டால் மேல்மண் ஈரமாகவே இருக்கும். சொட்டுநீர் போட்டவர்கள் இரண்டு சொட்டானுக்கு நடுவே காய்ந்த மண்ணைப் பாருங்கள், குழி அங்கேதான் இருக்கும். உரிமட்டையை முதலில் அங்கே வையுங்கள்.

எதிரே ஏதாவது அசைந்தால் தண்ணீர் பீய்ச்சும் சென்சார் கருவி நன்றாகவே வேலை செய்யும், அழுத்தம் இருந்தால். பத்து மீட்டர் உயரத் தொட்டி தருவதே ஒரு பார் அழுத்தம்தான். மாடித் தொட்டித் தண்ணீரை நம்பி வாங்குமுன் கருவிக்கு எத்தனை பார் வேண்டும் என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமே கூப்பிடாமல் இருப்பது

இயற்கை முறையில் பயிர் செய்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சேர்ந்து நொதித்த அந்த வாடை பூனையை எங்கிருந்தும் இழுத்து வரும். எலும்புத் தூளும் கருவாட்டுத் தூளும் அப்படித்தான். மீன் அமிலத்தைப் பாத்தி மண்ணில் ஊற்றாமல், நன்றாக நீர்த்து இலையில் மட்டும் தெளியுங்கள். அதுவும் காலையில், ராத்திரிக்குள் வாடை குறைந்துவிடும். எலும்புத் தூளை அடியுரமாக ஆறங்குலத்துக்குக் கீழே போட்டு மூடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுகிற கல் கிணற்றடியில் இருந்து, அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் போகிறதென்றால் மற்ற எந்த வேலையும் பலிக்காது. அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று குப்பைமேனி. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பேர், சும்மா வைத்த பேர் அல்ல. அதன் வேர் வாடைக்குப் பூனை வந்து மோந்து, கடித்து, அதன்மேல் புரளும். முளைத்து நிற்கும்போது அத்தனை ஈர்ப்பு இல்லை, பிடுங்கி வேர் வெளியே தெரிந்ததும்தான் வம்பு. களை எடுத்து அப்படியே பாத்தி மேல் மூடாக்காகப் போடுகிற வழக்கம் இருந்தால் குப்பைமேனியை மட்டும் தனியாகப் பொறுக்கி வெளியே கொண்டுபோங்கள். வேர் அறுந்து உள்ளே நிற்காதபடி ஈர மண்ணில் பிடுங்குங்கள்.

பூனைக்கு ஒரு மணல் குழி

பாத்தியை மட்டும் அடைத்துவிட்டு வேறு இடம் கொடுக்காவிட்டால் பூனை அடுத்த பாத்திக்குப் போகும், அல்லது உங்கள் நாற்றுப் பையைக் கிளறும். கொல்லையின் ஒதுக்குப்புறத்தில், கிணற்றுக்குத் தள்ளி, தாழ்வான பக்கமாக, 3 அடிக்கு 3 அடி இடத்தை எடுத்து அரை அடி ஆழத்துக்கு மணல் கொட்டுங்கள். நாலு சிமெண்டுச் சாக்கு மணல் போதும். சுற்றி ஒரு வரிசைச் செங்கல் வைத்தால் மணல் சிதறாது. பூனை தன் வாடையைத் தேடித்தான் திரும்ப வரும். அதனால் பாத்தியில் அது அசிங்கம் செய்த மண்ணில் ஒரு கொத்தைக் கரண்டியால் அள்ளி இந்த மணலில் புதைத்துவிடுங்கள். பாத்தியிலிருந்து பிடுங்கிய குப்பைமேனி வேரையும் இங்கேயே போடலாம். இரண்டும் சேர்ந்தால் பூனைக்கு வழி தெரிந்துவிடும்.

தினமும் ஒரு தடவை அள்ளிவிட வேண்டும். சுத்தம் வேண்டித்தான், ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. அழுக்கான மணலுக்குப் பூனை வராது, பாத்திக்கே திரும்பும். தவிர, பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை இருக்கலாம். வெளியே வந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். ஈர மண்ணில் விட்டுவைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே கூடாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் நோய் இது. மற்றவர்கள் கையுறை போட்டுச் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அள்ளியதை எருக்குழியில் போடாமல் ஆழப் புதையுங்கள்.

பாத்திக்குள்ளேயே மலம் கிடந்தால் சுற்றிலும் இரண்டங்குல மண்ணோடு சேர்த்து எடுங்கள். ஒட்டி நின்ற செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிடுவது நல்லது. மூத்திரம் பட்ட இடத்தில் முளை கருகும். அங்கே நாலங்குல மண்ணை மாற்றி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் வாடையும் போகும். அந்தப் பாத்திக் கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சையாகப் போடுகிற கொத்தமல்லி, புதினா, வெள்ளரி அந்த இடத்திலிருந்து வேண்டாம்.

செய்யக்கூடாதவை

பாச்சை உருண்டை போடாதீர்கள், பூனைக்கு மட்டுமல்ல, விளையாடுகிற பிள்ளைக்கும் விஷம். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. கால் நனைந்து, அதை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. மிளகாய்த்தூள் பூனையின் கண்ணையும் பாதத்தையும் எரித்துவிட்டு, ஒரு தடவை தண்ணீர் விட்டதும் போய்விடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் தீங்கில்லாதது, ஆனால் இரண்டு நாளில் காய்ந்து வாடை போகும். அதை மட்டும் நம்ப வேண்டாம். விஷம் வைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிடித்துக்கொண்டுபோய் அடுத்த ஊரில் விடுவதும் வீண், காலியான இடத்துக்கு வேறு பூனை வரும். தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்தால் எண்ணிக்கை கூடாமல் நிற்கும். விட்டால் ஒரு பெட்டை வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று போடும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மணல் குழி நனைந்து பூனைக்கு ஆகாமல் போகும். அதே சமயம் நாற்றங்காலுக்கு மேலே போட்ட கீற்றுப் பந்தலின் அடியில் மட்டும் மண் உலர்ந்திருக்கும். மழைக்கு முன்பே குழியின்மேல் ஒரு பழைய தகரத்தை இரண்டடி உயரத்தில் சாய்வாக நிறுத்திவிடுங்கள், பந்தலுக்கு அடியில் கோழி வலையை மறுபடி விரியுங்கள்.