வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது ஒரு கோப்பு

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் சான்றிதழ்களைச் சேர்த்து வையுங்கள். மதுரையில் என் மகனும் மகளும் வீட்டில்தான் படிக்கிறார்கள். நாங்கள் நிம்மதியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பீரோவில் இருக்கும் ஒரு கோப்பு.

பாதியில் நிறுத்துவதானால் டி.சி. வாங்காமல் பள்ளியை விட்டு வராதீர்கள். பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரிலும் அதே எழுத்துதானா, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தின்போது இதற்காக அலைவது பெரிய கொடுமை. சாதிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தால் ஒளியாதீர்கள். வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைத் தேடித்தான் வெயிலில் அலைகிறார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, இடையில் வருகிற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்கிறது.

எதை இழக்கிறோம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் பள்ளியில் படித்ததைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடும் அப்படியே. இவற்றை நம்பியிருக்கும் குடும்பம் என்றால், பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலை நேரத்தை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன்.

தேர்வுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாக எழுதுவது. 12½ வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதில் தேறி 14½ நிறைந்ததும் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து வகுப்புக்குப் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் தேர்வே எழுத முடியாது, அறிவிப்பு வரும் காலத்தில் நாளிதழை விடாமல் பாருங்கள்.

மற்றொன்று, என் மகன் போகும் வழி: என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசு 1989இல் தொடங்கியது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழ்வழியிலும் எழுதலாம். ஐந்து பாடங்கள் போதும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஓவியமும் மனையியலும்கூடப் பாடங்களாக இருக்கின்றன. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மகன் கணக்கையும் ஓவியத்தையும் முதலில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு நிதானமாகத் தயாராகிறான். வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு, அவற்றைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். எந்தப் படிப்புக்குப் போகப் போகிறான் என்று கேட்டு, அதற்கு வேண்டிய பாடங்களைப் பதியும்போதே எடுங்கள்.

இனி புத்தகம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் திறந்தநிலைப் பள்ளியின் நூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். அறிவியலுக்கு தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். அர்விந்த் குப்தாவின் தளத்தில் குப்பைப் பொருட்களில் செய்யும் பொம்மைகள் இருக்கின்றன. என் மகள் தீப்பெட்டி, உறிஞ்சுகுழல், காந்தம் என்று அள்ளிப்போட்டு உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழமாட்டாள்.

வீட்டை விட்டு வெளியே போவதில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. எங்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய வரம், சிறுவர் பகுதியில் மணிக்கணக்கில் இருக்கலாம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகம், ஊருக்குப் பக்கத்திலேயே கீழடி. வார நாளில் போங்கள், கூட்டம் இருக்காது. பிள்ளை ஒரே பானையின் முன் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் தள்ளமாட்டார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு, நடனம், ஓவியம் குறைந்த கட்டணத்தில் கற்றுத்தருகிறார்கள். விளையாட்டுக்கு மாவட்ட விளையாட்டரங்கம். இவ்விரண்டிலும் பிள்ளைகளைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகளோடு பழக வேறு இடம் அவர்களுக்கு அமையாது.

எல்லாப் பாரத்தையும் அம்மாவே சுமக்கக் கூடாது. எனக்குக் கணக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் ஓடாது, அதற்குத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வரவு செலவு அப்பா, கதையும் பழமொழியும் ஆச்சி. காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அது தாராளம். வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு ஸ்வசிக்ஷன் என்ற அகில இந்தியச் சங்கம் இருக்கிறது. பள்ளியை விட்டு நிறுத்தும் முன்பே இப்படியொரு குடும்பத்தைத் தேடிப்பிடித்து, ஒரு முழுநாள் அவர்கள் வீட்டில் பிள்ளையோடு இருந்துவிட்டு வாருங்கள்.