கிட்டாரும் டபுள் பேஸும் மட்டும்: ஒரு நேரடி ஜாஸ் ஆல்பத்தைக் கேட்கப் பழகுவது எப்படி?

டிரம்ஸ் இல்லாமல் இருவர் மட்டும் வாசிக்கும் ஜாஸில், தாளம் இந்தக் கணத்தில் யார் கையில் இருக்கிறது என்று கவனிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை மெல்லப் பிடிபடும். பயிற்சிக்கு, ஜிம் ஹால் கிட்டாரும் ரான் கார்ட்டர் டபுள் பேஸும் (ஆளுயர வயலின்போல் இருக்கும், தாழ்ந்த ஒலி தரும் தந்திக் கருவி) வாசித்து, 1972இல் நியூயார்க்கில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவான 'அலோன் டுகெதர்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். ஹால் வாசித்தது மின்னிணைப்புள்ள கிட்டார்தான். ஆனாலும் ஒலியைத் தாழ்த்தி வைத்தே வாசிப்பவர் என்பதால் கருவியின் மர ஒலி மறைவதில்லை.

முதல் வேலை, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்துக்கொள்வது. டபுள் பேஸின் அடித்தந்தி எழுப்பும் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடித்தந்தியைவிட ஒரு ஸ்தாயி கீழே. கைபேசி ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஒலி ஏறக்குறைய எழுவதே இல்லை. கார்ட்டரின் வாசிப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

அடுத்து, சாக்ஸஃபோன் கலைஞர் சானி ராலின்ஸ் 1956இல் பதிவுசெய்து புகழ்பெற்ற கலிப்ஸோ (கரீபியன் தீவுகளின் இசைவகை) மெட்டான 'செயின்ட் தாமஸ்' பாடலை இந்த ஆல்பத்தில் போடுங்கள். நான்கு அடிகள் கொண்ட பதினாறு கூறுகள், அதாவது 64 அடிகள் சேர்ந்தது ஒரு சுற்று. நம் கச்சேரியில் ஆவர்த்தனம் எண்ணுவதுபோல் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே வாருங்கள். மெட்டு முடிந்து கற்பனை வாசிப்பு தொடங்கிய பிறகும் இதே சுற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்தால், குழப்பமாகக் கேட்டதெல்லாம் ஒழுங்காகக் கேட்கும். எண்ணிக்கை தவறினால் கவலைப்படாமல் பாட்டை முதலிலிருந்து போடுங்கள்.

இரண்டாம் முறை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். பேஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் பலர் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த ஆல்பத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது. அதுவரை தாளத்தைத் தாங்கியவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போக, ஹால் தாராளமாக இடம் விட்டு, சிறு சிறு ஸ்வரக் கூட்டுகளால் அதை ஏந்திக்கொள்கிறார். அவர் வாசிக்காமல் விட்ட இடங்களிலும் உங்கள் விரல் தட்டிக்கொண்டே இருக்கட்டும். சுற்று தவறாமல் ஓடுவது அப்போது புரியும்.

தலைப்புப் பாடலைச் சற்றுப் பொறுத்துக் கேட்கலாம். வழக்கமான 32 கூறுகளுக்குப் பதிலாக 14, 14, 8, 8 என்று மொத்தம் 44 கூறுகளில் அமைந்த மெட்டு அது. பழகிய காதுக்கும் எண்ணிக்கை வழுக்கும்.

ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் 'பிரிலூட் டு எ கிஸ்' போன்ற மந்தகதிப் பாடலில் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். கார்ட்டர் சுண்டிய ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் நீண்டு ஒலிக்கிறது, அது அடங்கும் முன் ஹால் எங்கே நுழைகிறார் என்ற இரண்டை மட்டும் கேட்டால் போதும்.